இடி வருது பட்டன்

ஏழு நாள் நான் அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது. விரலால் தொடுவது மட்டுமில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லித் தரக் கூடாது. சீட்டு எழுதி அனுப்பக் கூடாது. ஊரிலேயே இருக்கக் கூடாது. ஏழு நாளும் பெட்டி ஒழுங்காக ஓடினால் ஜீவானந்தம் சார் என் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். அது கையில் இருந்தால்தான் திங்கட்கிழமை காலை சென்னையில் வேலைக்குச் சேர முடியும். இல்லையென்றால் எங்கள் ஊர் நெல்லிமரத்தூரில் அதே பிளாஸ்டிக் நாற்காலி, இன்னும் எத்தனை வருஷமோ.

அதனால் காவலூரில், காலேஜில் என்னோடு படித்த நிவேதா வீட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை என்றால் பெட்டி ஓடுகிறது. சொல்லிவிட்டுப் படுத்தால் மஞ்சள். சொல்லாமல் விழுந்தால் சிவப்பு. நானே எழுதி வைத்த புள்ளிதான். சாப்பிடும்போது பார்த்தேன், பல் விளக்கும்போது பார்த்தேன். நட்சத்திரம் பார்க்கிற ஆய்வகத்து கேட் வரை நடந்துபோய் அங்கே நின்று பார்த்தேன், அங்கே மட்டும் வேறு நிறமாகத் தெரியப் போகிறதா என்ன.

"லவ்வு பண்றவனோட போனக்கூட யாரும் இப்டி பாக்க மாட்டாங்கடி" என்றாள் நிவேதா.

"லவ்வு பண்றவன் பூட்டான்னா இன்னொருத்தன் வருவான். வேல வருமா?"

பெட்டி என்று நாங்கள் சொல்வது ஒரு சர்வர். எங்கள் பக்கத்தில் பதினோரு ஊருக்குச் செல்போன் சிக்னல் கிடையாது. ஜீவானந்தம் சார் செயலாளராக இருக்கும் அறக்கட்டளை, ஊருக்கு ஒரு கம்பம் நட்டு அதில் வைஃபையும் ஒலிபெருக்கியும் மாட்டியது. கம்பத்தடியில் நின்று போனில் பேசினால் அந்தப் பேச்சு பெட்டிக்கு வரும். பெட்டி அதை எந்த ஊருக்குச் சொல்ல வேண்டுமோ அந்த ஊர்க் கம்பத்துக்கு அனுப்பும். வெளியுலகத்தோடு பெட்டிக்கு இருக்கும் ஒரே தொடர்பு ஆபீஸ் கூரையில் இருக்கும் டிஷ். நர்ஸ் ரேணுகாதேவி நாளைக்கு எந்த ஊருக்கு வருகிறார், யார் மாடு எந்தப் பக்கம் இறங்கிப் போனது, மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்களா இல்லையா, எல்லாம் அதில்தான். உள்ளே ஓடுவது முழுக்க இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம். அப்படித்தான் சொல்கிறார்கள்.

அதை வைத்துக் கொடுக்கச் சென்னையிலிருந்து வந்தவர் அருள் என்று ஓர் இன்ஜினியர். இரண்டு மணி நேரம் இங்கிலீஷில் பாடம் நடத்தினார். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக அவர் அடிக்க அடிக்க, நான் நோட்டில் நாற்பத்து மூன்று கட்டளை எழுதினேன். ஓர் இடைவெளி தவறினால் ஒன்றும் நடக்காது. ஒரு கோடு தவறினால் நடக்கக் கூடாதது நடந்துவிடும். முடிந்ததும் கேட்டேன், இதெல்லாம் படமும் பட்டனுமா இருக்காதா சார் என்று.

சிரித்தார். "பட்டனெல்லாம் சோம்பேறிங்களுக்கும்மா. நிஜ அட்மின் டைப்தான் பண்ணுவான்."

பண்ணுவான். பண்ணுவாள் என்று அவர் வாயில் வரவில்லை.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலைப் பார்த்த முதல் ஆள் நான். என் அப்பா குப்பன் தன் பெயரைக் கோலம் போடுகிற மாதிரி வரைவார். லேபில் மலைப் பெண்களுக்கென்றே 'எஸ்' வேலை செய்யாத கீபோர்டு ஒன்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதிலேயே பட்டம் வாங்கினவள் நான். அதனால் அந்தக் கருப்புத் திரையைப் பழகுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. ஆனால் ஏன் எல்லாருக்கும் அது கஷ்டமாக இருக்க வேண்டும் என்ற கோபம் மட்டும் போகவே இல்லை. கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம் என்கிறீர்கள். படிக்கட்டு எங்கே?

இரண்டு வருஷம் அந்தப் பெட்டிக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் பதினோரு ஊர் ஊமை. பிறகு சென்னையில் வேலை கிடைத்தது. இதே சர்வர் வேலை, பெரிய இடம். ஜீவானந்தம் சார் என் ராஜினாமாக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீ போய்ட்டா இத யாரும்மா பாப்பாங்க? சென்னைக்காரரைக் கூப்ட்டா மூணு வாரம் கழிச்சு வருவாரு. ஆள் காட்டு, கையெழுத்து போடறேன்."

ஆள் காட்டினேன். என் அண்ணி பூங்கோதையை.

அண்ணன் சின்னராஜ் கோயம்புத்தூர் மில்லில் இருக்கிறான். அண்ணி ஆபீஸில் கூட்டிப் பெருக்கி டீ போடுகிறாள். எட்டாவது வரை படித்தவள். சார் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. "ஏம்மா தேவயானி, வெளையாடறியா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகுதான் அந்தப் பலகையைச் செய்தேன். இணையத்தில் யாரோ இலவசமாகக் கொடுத்திருந்த ஒன்றை எடுத்தேன். கட்டளைகளுக்குப் பதிலாகப் படமும் பட்டனுமாகச் சர்வரை நடத்துகிற பலகை. எல்லாம் இங்கிலீஷில், ஒரே வரைபடமும் அம்புக்குறியுமாக இருந்தது. முதலில் வார்த்தைகளைத் தமிழாக்கினேன். அண்ணியை உட்கார வைத்துக் காட்டினேன்.

"சேவையகத்தை மறுதொடக்கம் செய்க" என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இன்னாடி இது, தாலுக்கா ஆபீஸு நோட்டீஸாட்டம் கீது?"

"வேற எப்டி சொல்றது?"

"பொட்டி கிறுகிறுத்துப் போச்சுன்னா நீ இன்னா பண்ணுவ?"

"ஒரு தடவ தூங்க வெச்சு எழுப்புவேன்."

"அத்த எழுது."

எழுதினேன். இப்படியே ஒவ்வொன்றாக மாறியது. 'மூச்சு இருக்குதா பாரு.' 'யாரு உள்ள வந்தாங்க.' வட்டு, அதாவது ஹார்டு டிஸ்க், எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதற்கு நான் சதவீதம் போட்டிருந்தேன். அண்ணி குடம் வரையச் சொன்னாள். குடம் கழுத்து வரை நிறைந்தால் பழைய பேச்சுகளை அழிக்க வேண்டும். ஆபத்தான பட்டன்களுக்கு நான் சிவப்புப் போட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "செவப்ப பாத்தா கை தானா போவும்டி. அமுக்கறதுக்கு முன்னாடி 'நெசமாவா'ன்னு கேக்கச் சொல்லு, போதும்." அதையும் செய்தேன்.

ஆனால் எங்கள் இருவருக்கும் பெரிய சண்டை இடியால்தான்.

எங்கள் ஊரில் இடி உறுமினால் பிளக்கைப் பிடுங்குவார்கள். டிவி, மிக்ஸி, சார்ஜர், எல்லாம். அடுப்பில் பால் பொங்கினாலும் முதலில் பிளக்தான். முதல் வருஷம் அண்ணி நாலு தரம் சர்வரின் பிளக்கைப் பிடுங்கினாள், பேட்டரி வயரையும் சேர்த்து. ஓடிக்கொண்டிருக்கிற பெட்டியை அப்படிப் பிடுங்கினால் உள்ளே இருப்பது சிதறும். நாலு தரமும் நான் ராப்பகலாகச் சரி செய்துவிட்டு அவளைத் திட்டினேன்.

"அதுக்குத்தான் பேட்டரி கீதே அண்ணி!"

"பேட்டரி கீதுன்னு இடிக்கு யாரு சொன்னது?"

ஐந்தாவது தரம் நான் அவளைப் பிடுங்க விடவில்லை. கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் என்னைத் தள்ளிவிட்டுப் பெட்டியின் வயரை மட்டும் உருவினாள். அடுத்த நிமிஷம் மின்கம்பத்தில் இறங்கிய இடி, வயர் வழியாக வந்து பேட்டரியைக் கருக்கிவிட்டுப் போனது. கரிந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. பெட்டி பிழைத்தது.

இந்த மாதிரி ஒரு விஷயம் அருள் சாரின் நாற்பத்து மூன்று கட்டளையில் இல்லை. பலகையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டன் வைத்தேன். 'இடி வருது.' அதை அமுக்கினால் பெட்டி முக்கியமானதையெல்லாம் பென்டிரைவில் நகல் எடுக்கும். பதினோரு கம்பத்திலும் அண்ணி குரலில் "பொட்டி தூங்கப் போவுது" என்று சொல்லும். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு அணையும். கடைசியில் திரையில் பிளக் படம் வரும், இப்போது பிடுங்கலாம் என்று. எல்லாம் நாற்பது நொடி. அடுத்த இரண்டு இடிக்கும் அண்ணி அதை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இப்பதான் இது நம்மூரு பொட்டி."

மூன்று மாதம் பழக்கினேன். பிறகு ஜீவானந்தம் சார் இந்த ஏழு நாள் பந்தயத்தை வைத்தார்.

நாலு நாள் வானம் வெளுத்துக் கிடந்தது, புள்ளி பச்சையாக இருந்தது. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்குக் காவலூரில் இருட்டிக்கொண்டு வந்தது. கிழக்கே எங்கள் ஊர்ப் பக்கம் முதல் உறுமல். போனைப் பார்த்தேன். பச்சை மஞ்சளானது.

"அமுக்கிட்டா!" என்று கத்தினேன். "நிவேதா, அமுக்கிட்டாடி! சரியா அமுக்கிட்டா!"

மூன்று மணிக்கு மழை விட்டது. மஞ்சள். மூன்றே காலுக்கு வெயில் எட்டிப் பார்த்தது. மஞ்சள். மூன்றரைக்கும் மஞ்சள்.

முதலில் அண்ணி மேல்தான் கோபம் வந்தது. மாட்டைத் தேடிப் போய்விட்டாளா? பிளக்கைத் திருப்பிச் செருக மறந்தாளா? இவ்வளவு சொல்லிக் கொடுத்தும்... அப்படியே நின்றேன். எவ்வளவு சொல்லிக் கொடுத்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். எழுப்புவது?

பெட்டியில் நோயாளிகள் நர்ஸிடம் பேசினதெல்லாம் இருக்கிறது. திருட்டுப் போனால் வேறு ஆள் கேட்கக் கூடாது என்று வட்டுக்குப் பூட்டுப் போடச் சொல்லியிருந்தார் அருள். பெட்டி முழுசாக அணைந்து எழும்போது, பலகை வருவதற்கு முன்னால், அதே கருப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரு கேள்வி வரும். வட்டைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். பழகின மூன்று மாதமும் இடி ஓய்ந்ததும் அண்ணி மாட்டை ஓட்டிவரப் போய்விடுவாள். நான் உட்கார்ந்து அந்தச் சொல்லை அடித்து எழுப்பிவிடுவேன். அவள் அந்தத் திரையைப் பார்த்ததே இல்லை. ஒருநாள் கேட்டாள், எழுப்பறதுக்கு பட்டன் இல்லியா என்று. "அத நான் பாத்துக்குறேன் அண்ணி" என்றேன்.

அத நான் பாத்துக்குறேன். ஊரை விட்டுப் போகிறவள் சொல்கிற பேச்சா இது?

"போன் போட்டு சொல்லேண்டி" என்றாள் நிவேதா.

"அங்க ஏதுடி போனு? அங்க போனே அந்தப் பொட்டிதான்."

போனால் பந்தயம் போகும். போகாவிட்டால் பெட்டி எழாது, அப்போதும் பந்தயம் போகும். பத்து நிமிஷம் நிவேதா வீட்டு வாசலில் மேலும் கீழும் நடந்தேன். அப்புறம் பையை எடுத்தேன்.

பஸ்ஸில் கண்டக்டர் பஞ்சாட்சரம் என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். மலையில் பந்தயம் தெரியாத ஆள் இல்லை.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெழம வரைக்கும் ஊர் பக்கம் வர மாட்டன்னாங்க? பொட்டி நின்னுபோச்சா?"

"டிக்கெட் குடுங்கண்ணா."

"பூங்கோதை ஒடச்சுட்டாளா?"

"அவ ஒண்ணும் ஒடைக்கல. டிக்கெட் குடுங்க."

ரோட்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் ஏறினேன், பாதி ஓட்டம் பாதி நடை. ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஜீவானந்தம் சார் குரல் கேட்டது. "விடும்மா, உன் தப்பு இல்ல. படிப்புன்னு ஒண்ணு எதுக்கு இருக்குது?"

அண்ணி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் பெண்ணின் பள்ளிக்கூட நோட்டு. அதில், திரையில் இருந்த இங்கிலீஷ் வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி வைத்திருந்தாள், புள்ளி, கோடு எதுவும் விடாமல். என்னிடம் காட்டுவதற்கு. நர்ஸ் வண்டியில் காவலூருக்குக் கொடுத்தனுப்ப இருந்தாளாம்.

"வா" என்றாள். குரல் ஏறவில்லை. "இடி வந்துச்சு. அமுக்குனேன். படம் வந்துச்சு, புடுங்குனேன். மழ உட்டுச்சு, சொருவுனேன். இது வந்து நிக்குது. இது உன் பலகைல இல்ல."

"இல்ல அண்ணி."

"இன்னா கேக்குது?"

"பூட்டத் தொறக்கச் சொல்லுது. சொல்லு ஒண்ணு கேக்குது. நான்... நான் சொல்லித் தரல."

ஜீவானந்தம் சார் எழுந்தார். "பாத்தியா, நான் சொல்லல? கடைசில நீ வந்துதான்..."

"சார், அவங்க தப்பு இல்ல. முழுக்க என் தப்பு. அவங்க வேலைய அவங்க முடிச்சுட்டாங்க. நான்தான் சாவிய குடுக்காம போய்ட்டேன்."

"யாரு தப்பா இருந்தா இன்னாம்மா, பொட்டி நின்னுபோச்சு. பதினோரு ஊரு நின்னுகினு இருக்குது. எழுப்பு மொதல்ல."

நான் நாற்காலிப் பக்கம் போனேன். அண்ணி எழவில்லை.

"நான் அடிக்கிறேன். ஏபிசிடி தெரியும் எனக்கு. நீ சொல்லு."

அந்தச் சொல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைத்தது. போளூரிலிருந்து ஒரு பையனைப் போட்டுவிட்டு என்னை அனுப்பிவிடலாமா என்று அறக்கட்டளையில் பேச்சு வந்த வாரம். மறக்காத மாதிரி ஒரு வாக்கியமாக வை என்று அருள் சொல்லியிருந்தார். மறக்காத மாதிரி வைத்தேன்.

"சொல்லுடி, பொழுது போவுது."

"சார், நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. அவங்க பாத்து அடிக்கட்டும்." எனக்கு அப்போது மூளை வேலை செய்யவில்லை. செய்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேனா? "என். ஏ. ஏ. என். ஐ. எல். எல். ஏ..."

சார் எழுதிக்கொண்டே போனார். கடைசி எழுத்து எழுதிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"நான்... இல்லாம... முடியாது."

பேனாவை மேஜை மேல் வைத்தார்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். "இன்னாது?"

சார் இன்னொரு தரம் படித்தார். நான் சுவரைப் பார்த்தேன். இடியில் கருகிய பேட்டரியின் கரி இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது.

அண்ணி பேப்பரை வாங்கிக்கொண்டாள். ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தாள். பத்தொன்பது எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தட்டு. பெட்டி எழுந்தது, பலகை வந்தது, வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி கரகரத்துவிட்டு, தேங்கியிருந்த பேச்சுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தது. ரேணுகாதேவி நாளைக்கு மேலூருக்கு வருகிறாராம்.

"அந்த இஞ்சினீரு பட்டன் கூடாதுன்னான்னு ரெண்டு வருஷமா திட்டுனியே" என்றாள் அண்ணி. "அவனாவது மூஞ்சிக்கு நேரா சொன்னான்."

நான் அந்தப் பேப்பரை எடுத்து நாலாகக் கிழித்தேன்.

ஜீவானந்தம் சார் பந்தயம் செல்லாது என்றார். மறுபடி முதலிலிருந்து ஏழு நாள். நான் திங்கட்கிழமை சேர வேண்டும் என்றேன். அதற்கு நான் என்ன பண்ணட்டும் என்றார். சத்தம் போட்டேன். அவரும் போட்டார். அண்ணி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டாள்:

"ஏழு நாள் இன்னாத்துக்கு சார்? பொட்டி நாலு நாள் சொம்மா ஓடுச்சு, அத்த நான் பாத்துகினேன். இடிக்குத்தான் நின்னுச்சு. ஐப்பசில இடிக்கா பஞ்சம்? அடுத்த இடி வரட்டும். நான் தூங்க வெச்சு நானே எழுப்பறேன். இவ ஆபீஸு பக்கமே வரக் கூடாது. எழுந்துச்சுன்னா கையெழுத்து போடுங்க. எழலன்னா இவ இங்கயே கெடக்கட்டும்."

சார் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும்தான்" என்றார்.

சனிக்கிழமை மதியம் வரை உட்கார்ந்து இரண்டு வேலை செய்தேன். எழும்போது வருகிற கேள்வியைத் தமிழாக்கினேன். 'பூட்டியிருக்குது, உன் சொல்லைச் சொல்லு.' பக்கத்தில் சாவி படம். இரண்டாவது, பலகையில் 'பூட்டு மாத்து' என்று ஒரு பட்டன். முடிந்ததும் எழுந்தேன்.

"வெளிய போ" என்றாள் அண்ணி.

"நான் பாக்க மாட்டேன், திரும்பிக்கிறேன்."

"வெளிய போடி."

வாசலில் நின்று கேட்டேன். டக், டக், டக். பதினாலு தட்டு. பிறகு 'நெசமாவா' என்று பலகை கேட்டிருக்கும். ஒரு தட்டு.

அன்றைக்கு இடி வரவில்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படித்தான். நாலரைக்குப் போளூர் பஸ், அங்கிருந்து சென்னை பஸ். அதை விட்டால் திங்கள் காலை இல்லை. நான் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஜீவானந்தம் சார் ஞாயிற்றுக்கிழமை போளூர் வீட்டில் இருக்க வேண்டியவர், ஆபீஸில் உட்கார்ந்து எனக்கு எதிராக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா பாறை மேல் சாமை காயவைத்திருந்தார். வருஷத்துக்குண்டான சோறு. "வானத்தையே இன்னா பாக்குற?" என்றார்.

"இடி வரணும்பா."

"ஒன் பொட்டிக்கு இடி வேணும், என் சாமைக்கு வெயிலு வேணும். எது சோறு போடும், நீயே சொல்லு."

"ரெண்டும் போடும். ரெண்டு மணிக்கு மேல வரட்டும்."

"நீ சொன்னா கேக்க அது இன்னா ஒன் அண்ணியா?" என்று சிரித்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது, அந்தப் பத்தொன்பது எழுத்து உட்பட.

இரண்டே காலுக்கு மேற்கே உறுமியது. அப்பா கத்தினார். நான் பாறைக்கு ஓடினேன். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான், துடைப்பத்தால் சாமையைக் கூட்டிக் குவிக்கக் குவிக்கக் காற்று ஒரு பக்கமாக அள்ளிக்கொண்டு போனது. கீழே கம்பத்தில் அண்ணி குரல்: "பொட்டி தூங்கப் போவுது." அமுக்கிவிட்டாள். முதல் துளி என் கழுத்தில் விழுந்தது. தார்ப்பாயை விரித்தோம். என் பக்கம் படபடவென்று அடித்துக்கொண்டு தூக்கியது. நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு, காற்றடிக்கும் பக்கத்தில் நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். தலைக்கு மேல் வானம் கிழிந்த மாதிரி ஒரு வெளிச்சம், கூடவே சத்தம்.

பாறை மேல் வைஃபை எட்டாது. புள்ளி இல்லை, நிறம் இல்லை. என் கையில் ஈரத் தார்ப்பாய் மட்டும். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, பெட்டிக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. சொல் என்னிடம் இல்லை.

மழை முக்கால் மணி நேரம் அடித்தது. விட்டது. இடி மட்டும் தூரத்தில் புரண்டுகொண்டிருந்தது. அண்ணி அவசரப்பட மாட்டாள், கடைசி உறுமலும் ஓயாமல் பிளக்கைச் செருக மாட்டாள், எனக்குத் தெரியும். தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றேகால். மூன்றரை. கம்பம் ஊமையாக நின்றது.

"போய்த்தான் பாரேன்" என்றார் அப்பா.

"போவக் கூடாதுப்பா."

"அப்ப தார்ப்பாய உதறு."

உதறினோம். சாமை அடியில் கொஞ்சம் ஈரம். கையால் அளைந்து பரப்பினேன். மூன்று ஐம்பதுக்குக் கம்பத்தில் கர்ர்ர் என்று ஒரு சத்தம். நான் அப்படியே குந்திக்கொண்டிருந்தேன், இரண்டு கையிலும் சாமை.

"பொட்டி எழுந்துச்சு" என்றது அண்ணியின் குரல். பதினோரு ஊருக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். "நானேதான் எழுப்புனேன். சாரு கையெழுத்து போட்டுட்டாரு, கடுதாசிய இன்னொரு தரம் படிச்சுப் பாத்துட்டு. தேவயானி, கேக்குதா? ஒன் பையி என் கைல கீது. நாலரை பஸ்ஸு. சாமைய உட்டுட்டு எறங்கு."

அப்பா என் கையிலிருந்த சாமையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு மணி கூடச் சிந்தாமல்.

ரோட்டில் அண்ணி பையோடு நின்றாள். கடிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையின் மேல் ஜிப்பில் வைத்திருந்தாள். பஸ் வந்தது. பஞ்சாட்சரம் படியில் தொங்கிக்கொண்டு, "பொட்டிக்காரம்மா யாரு, ஏறுங்க!" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, "நீ இல்ல. நீ ஏறிட்டா ஊரு ஊமையாயிடும்" என்றார்.

ஒரு கால் படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"அண்ணி, சொல்லு இன்னா வெச்ச?"

"ஊருக்குப் போறவளுக்கு அது இன்னாத்துக்கு?" என்றாள். "ஏறு."